"நமக்கு ஏன் வால் இல்ல?"ன்னு குழந்தை கேட்டா எப்படி சொல்றது

"நீயே ஒரு வாலு, உனக்கு எதுக்கு தனியா ஒண்ணு"ன்னு சொல்லி மழுப்பிடாதீங்க, நல்லா சொன்னா அதுக்கும் ஜாலியா இருக்கும்.

மொத வேலை, தொட்டுப் பாக்க வைங்க. முதுகெலும்ப ஒட்டி விரல வச்சு அப்படியே கீழ இறக்க சொல்லுங்க, கடைசில கடினமா ஒரு முனை தட்டும்ல, அதான் வால் எலும்பு, 3லேர்ந்து 5 குட்டி எலும்பு சேந்தது. வேஸ்ட்னு சொல்லிடாதீங்க, இடுப்புக்கு அடில உறுப்புங்கள தாங்குற தசைங்க அதுலதான் ஒட்டியிருக்கு. அப்புறம், அம்மா வயித்துல 5 வாரத்துல உனக்கும் வால் இருந்துச்சு, 8 வாரத்துக்குள்ள அது உள்ளயே கரைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க, கண்ணு விரியும் பாருங்க.

"யூஸ் பண்ணல, அதான் உதிந்துடுச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, நம்மள்ல பாதி பேர் சொல்றது இதான். வைஸ்மன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1880கள்ல தலைமுறை தலைமுறையா எலி வால வெட்டிப் பாத்தாரு, பொறந்த குட்டி எல்லாம் வாலோடதான் வந்துச்சு, அதாவது வாழும்போது உடம்புல ஆகுற மாத்தம் குட்டிக்கு போறதில்ல. "நிமிந்து நடந்ததால போச்சு"ங்கறதும் தப்பு, நம்ம மூதாதை மனிதக் குரங்குங்களுக்கு வால் போனது சுமார் 2.5 கோடி வருஷம் முன்னாடி, ரெண்டு கால்ல நடக்க ஆரம்பிச்சது 60, 70 லட்சம் வருஷம் முன்னாடிதான். கிப்பன்னு ஒரு மனிதக் குரங்கு இன்னிக்கும் மரத்துலயேதான் தொங்குது, அதுக்கும் வால் இல்லையே.

ஜீன் விஷயத்துக்கு ஒரு நோட்டு எடுங்க. டிபிஎக்ஸ்டின்னு வால் வளர உதவுற ஒரு ஜீன், அதுக்கு நடுவுல அலுன்னு ஒரு துண்டு டிஎன்ஏ எங்கேந்தோ வந்து ஒட்டிக்கிச்சு, அதனால செல் அந்த ஜீன படிக்கும்போது சில நேரம் ஒரு பகுதிய விட்டுட்டு படிக்குது, அப்படித்தான் நமக்கு வால் போச்சுங்கறாங்க. நோட்டுல ஒரு பக்கத்த மடிச்சு வச்சிட்டு படிக்க சொன்னா டக்குனு புரியும். இத கண்டுபிடிச்ச விஞ்ஞானி போ ஷியாவுக்கு வால் எலும்புல அடிபட்டப்போதான் இந்த கேள்வியே வந்துச்சாம், 2024ல நேச்சர் இதழ்ல வெளியாச்சு. எலிங்கள்ல அதே மாதிரி மாத்துனப்போ சிலதுக்கு வால் குட்டை, சிலதுக்கு வாலே இல்ல, ஆனா சிலதுக்கு தண்டுவடம் சரியா மூடல.

கொஞ்சம் விவரமான குழந்தைன்னா "பார்பரி குரங்குக்கும் வால் இல்லையே"ன்னு மடக்கும். அது குரங்கு வகைதான், நம்ம மனிதக் குரங்கு கூட்டத்துல சேராது, அதுக்கு வால் போனது தனிக் கதைன்னு சொல்லிட்டு நோட்ட மூடிடுங்க.