தோட்டத்து நாயையும் பூனையையும் விமானத்தில் கூட்டிப் போக

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து நாய் கூண்டையே பார்த்திருக்காது. லயத்து வீட்டு வாசலிலும் செம்பனை நிழலிலும் திரிந்து வளர்ந்தது. கூச்சிங்கோ கோத்தா கினபாலுவோ சென்னையோ, எங்கே போவதானாலும் ஒரு மாதம் முன்பே கூண்டை வாங்கிவிடுங்கள்.

கடைக்காரர் கண்ணளவில் தருவதை வாங்காதீர்கள். நாயை நிற்க வைத்து அளந்து பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை 65 செ.மீ., தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை 30, தோளின் அகலம் 20, தரையிலிருந்து காது நுனி வரை 60 என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைச் சேர்த்தால் கூண்டின் உள்நீளம் 80. தோள் அகலத்தைப் போல இருமடங்கு, அதாவது 40, உள்ளகலம். உயரம் 60, அதோடு விரிப்பின் கனம். பக் நாய், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்குப் பத்து விழுக்காடு பெரிதாக வேண்டும். சூட்டில் அவற்றுக்குச் சீக்கிரம் மூச்சு முட்டும் என்பதால் சில விமான நிறுவனங்கள் ஏற்பதே இல்லை.

முழுக்கக் கம்பி வலையால் ஆன கூண்டு செல்லாது. மேல் கீழ்ப் பாதிகளைப் பிளாஸ்டிக் கொக்கிக்குப் பதில் இரும்புத் திருகாணியால் முடுக்குங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உட்புறம், வெளியிலிருந்து ஊற்றும்படி இருக்கட்டும்.

முதல் வாரம் கதவைக் கழற்றிவிட்டு உள்ளேயே சோறு வையுங்கள். பிறகு பத்து நிமிடம், ஒரு மணி நேரம், ஓர் இரவு என்று பூட்டிப் பழக்கி, கடைசியில் ஈப்போ வரை காரில் கொண்டுபோய் வாருங்கள். பூனைக்கு நீங்கள் உடுத்திய கைலியைத் துவைக்காமல் விரித்தால் ஓரளவு அடங்கும்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் முதலில், வெறிநாய்க்கடித் தடுப்பூசி பிறகு. வரிசை மாறினால் பல நாடுகள் அந்த ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. 2017 முதல் கூச்சிங் இருக்கும் சரவாக் மாநிலத்தில் வெறிநோய் இருப்பதால் கடல் தாண்டும் பயணத்துக்குக் கெடுபிடி அதிகம். போய்ச் சேரும் மாநிலத்தின் கால்நடைத் துறை அனுமதி வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். சென்னைக்கு இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையின்மைச் சான்றும் தேவை.

செம்பனைக் காட்டு நாயிடம் உண்ணி இல்லாமல் இருக்காது. காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலோடு ஏற்றுவது உயிருக்கே ஆபத்து.

தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது, கூண்டு சாயும்போது கால் ஊன்றவும் வராது. பறக்கும் உயரத்தை விட ஓடுபாதை ஓரத்து வெயில்தான் கொடுமை, அதனால் இரவு விமானமே நல்லது. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவுக்குக் காரில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்பும் முன் அரை வயிறு போதும். கிண்ணத் தண்ணீரை உறைய வைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, போகப் போக உருகும்.

இறங்கியதும் பாசத்தில் வாசலிலேயே கூண்டைத் திறக்காதீர்கள். கதவு சன்னல் அடைத்த அறைக்குள் கொண்டுபோய், நாய்க்குக் கயிறு மாட்டிய பிறகு திறங்கள்.