நெடுந்தூர ரைஃபிள் பழக வருகிறீர்களா? முதலில் கண்ணை மூடிப் பாருங்கள்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புரூக்வுட் வந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் போனால் பிஸ்லி. 1890 முதல் இங்கிலாந்தின் பெரிய ரைஃபிள் போட்டிகள் நடக்கும் இடம். செஞ்சுரி ரேஞ்சில் 600 யார்டு வரை சுடலாம், ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1,200 யார்டு வரை. யார்டு என்பது நம்ம ஊர் கெஜம்தான்; 600 கெஜம் என்றால் கிட்டத்தட்ட 550 மீட்டர். நான் பழகும் டார்கெட் ரைஃபிள் பிரிவில் தொலைநோக்கி கிடையாது, துப்பாக்கியைத் தாங்கும் முட்டுக்கால் கிடையாது. குப்புறப் படுத்து, ஸ்லிங் எனும் தோல்வாரில் கையைப் பூட்டி, துப்பாக்கி முனையில் உள்ள வளையத்துக்குள் இலக்கின் கரும்புள்ளியைப் பார்த்துச் சுட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கிளப்பில் சேருங்கள், துப்பாக்கி வாங்காதீர்கள்

பிரிட்டன் உள்துறையின் அங்கீகாரம் பெற்ற கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் உறுப்பினராக இருந்த பிறகுதான் முழு உறுப்பினர் ஆக முடியும். சொந்த ரைஃபிளுக்கு போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும், வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். அவசரமே இல்லை. முதல் வருடம் கிளப் ரைஃபிளே போதும். கையில் காசு இருந்தால் முதலில் நல்ல கையுறை வாங்குங்கள், அடுத்து செகண்ட் ஹேண்டில் ஒரு கான்வாஸ் ஜாக்கெட். தோல் ஜாக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தைத் தோட்டாவில் போடுவதே மேல் என்பது என் கட்சி.

ஸ்லிங்

இடது மேல்கையில், எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே மாட்டுங்கள். குறி பார்க்கும்போது வளையம் தாளம் போட்டு ஆடினால் அது உங்கள் நாடித்துடிப்பு. வாரைக் கையின் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், அடங்கிவிடும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் மாதம், 300 யார்டு. சுட்டதும் இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர்கள் பலகையை இறக்கி, குண்டு துளைத்த இடத்தில் வட்டு செருகி, மறுபடி ஏற்றுவார்கள். என் வட்டு ஒவ்வொரு தடவையும் இடது பக்கமே ஏறியது. இன்னர், இன்னர், மேக்பை. அதாவது மதிப்பெண் 4, 4, 3. சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, வலப்பக்கம் திருகினேன். இரண்டு குண்டு நடுவில் விழுந்தன, மூன்றாவது வலப்பக்கம் போனது. திரும்ப இடப்பக்கம் திருகினேன். அன்று முழுக்க இதே கதை. ரைஃபிளில்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினேன்.

கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "குறி பார், கண்ணை மூடு, இரண்டு மூச்சு விடு, இப்போது திற" என்றார். திறந்து பார்த்தால் வளையம் பக்கத்து இலக்கின் ஓரத்தில் நிற்கிறது!

நடந்தது இதுதான். என் உடம்பு படுத்திருந்த வாகுக்கு ரைஃபிள் இயல்பாகவே இடப்பக்கம் பார்த்தது. நான் தோள் பலத்தால் அதை நடுவுக்கு இழுத்து வைத்திருந்தேன். விசை விடுபடும் கணத்தில் தசை தளரும், ரைஃபிள் தன் இயல்பான இடத்துக்கே ஓடும். களைக்கக் களைக்க இழுக்கும் பலமும் மாறும். அப்படியிருக்க, சைட்டைத் திருகி என்ன பயன்?

திருத்தும் முறை இது. இடது முழங்கை தரையில் ஆணி அடித்த மாதிரி இருக்கட்டும். குறி இடப்பக்கம் போனால் இடுப்பை இடப்பக்கம் நகர்த்துங்கள், குழல் வலப்பக்கம் வரும். குறி மேலே நின்றால் உடம்பை முன்னால் தள்ளுங்கள், கீழே நின்றால் பின்னால் இழுங்கள். ஒரு அங்குலம்கூட வேண்டாம், அரை அங்குலமே பெரிய வித்தியாசம் காட்டும். மறுபடி கண்ணை மூடித் திறந்து பாருங்கள். வளையம் தானாகக் கரும்புள்ளியைச் சுற்றி நிற்கும் வரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு கொஞ்சம் நகரும், அதனால் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அடுத்த தோட்டா போடும்போது வலது கை மட்டும் அசையட்டும். இடது முழங்கையைத் தூக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முன் வளையம்

புதியவர்கள் எல்லோரும் சின்ன வளையம்தான் துல்லியம் என்று நினைக்கிறார்கள். பெரியதைப் போடுங்கள். கரும்புள்ளியைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் அது நடுவில் இல்லாததைக் கண் உடனே பிடிக்கும். இறுக்கமான வளையத்தில் புள்ளி தொட்டுத் தொட்டு ஏமாற்றும்.

காற்று

இது தனிப் பாடம். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன்: 600 யார்டில், மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 155 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையுள்ள குண்டைச் சுமார் இரண்டரை அடி தள்ளும். அந்தத் தூரத்தில் சைட்டின் ஒரு மினிட் (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஏறத்தாழ 6 அங்குலம். ஆக ஐந்து மினிட் திருத்தம். ஒவ்வொரு குண்டுக்கும் காற்றைக் காட்டும் கொடி எப்படிப் பறந்தது, எங்கே விழுந்தது என்று நோட்டில் குறியுங்கள். போன் ஆப் வேண்டாம், பென்சில் போதும்.

பின்சேர்க்கை 1: இடவலம் சரியாகிவிட்டது, இப்போது குண்டுகள் மேலும் கீழுமாக விழுகின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூச்சுதான் காரணம். படுத்திருக்கையில் மூச்சை இழுத்தால் குழல் தாழும், விட்டால் உயரும். கண் மூடும் சோதனையை நெஞ்சு நிறையக் காற்றோடு செய்துவிட்டு, மூச்சை விட்ட பிறகு சுட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. மூச்சு விட்டு முடிந்து இயல்பாக நிற்கும் அந்த இடைவெளியில்தான் சோதனையும், விசையும்.

பின்சேர்க்கை 2: கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க. படுத்த நிலையில் கண்ணாடியின் மேல் மூலை வழியாகத்தான் பார்ப்பீர்கள், சிலிண்டர் பவர் இருந்தால் கரும்புள்ளி முட்டை வடிவில் தெரியும். சுடுவதற்கென்றே உள்ள ஃபிரேமில் லென்ஸைக் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கலாம். முன் வளையம் கூர்மையாகத் தெரிய வேண்டும், கரும்புள்ளி கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.