பிபிஏ தொகுப்பைப் பராமரிப்பவர் யார்? சேஞ்ச்லாக்கைப் பாருங்கள்

உபுண்டு லினக்ஸில் பிபிஏ (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) வழியாக நிறுவிய தொகுப்பின் பராமரிப்பாளரைத் தேடுகிறீர்களா? யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்று அடைவுகளுக்குள் போய், அந்தத் தொகுப்பின் பெயரில் உள்ள அடைவில் இருக்கும் சேஞ்ச்லாக்.டெபியன்.ஜிஇசட் என்ற மாற்றப் பதிவுக் கோப்பை, சுருக்கிய கோப்புகளைப் படிக்க உதவும் இசட்லெஸ் கட்டளையால் திறங்கள். முதல் பதிவின் முடிவில், இரண்டு சிறு கோடுகளுக்குப் பின், தயாரித்தவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும்.

தொகுப்பின் விவரங்களைக் காட்டும் ஏபிடி ஷோ கட்டளையில் வரும் 'மெயின்டெய்னர்' (பராமரிப்பாளர்) வரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் தொகுப்பை எடுத்துத் திருத்தி வெளியிடுபவர்கள் சில சமயம் அந்த வரியை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் சம்பந்தமே இல்லாத டெபியன் தன்னார்வலருக்குப் புகார் போய்ச் சேரும், பாவம். புதிய பதிப்பு எண்ணுக்கு சேஞ்ச்லாக்கில் புதுப் பதிவு எழுதியாக வேண்டும் என்பதால், சரியான ஆள் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்.

ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் ஆகிய வேறு வகைத் தொகுப்புகளுக்கு இந்த வழி உதவாது. ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியமான ஏயூஆர் என்றால், தொகுப்பை உருவாக்கும் பிகேஜிபில்ட் கோப்பின் தலைப்பகுதியைப் பாருங்கள்.