பவர்டிஎன்எஸ்-அட்மினும் டாக்கர் முகவரியும்: என் அனுபவம்

பவர்டிஎன்எஸ் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளின் டொமைன் பதிவுகளை உலாவியிலேயே திருத்த உதவும் பவர்டிஎன்எஸ்-அட்மினை டாக்கர் கன்டெய்னரில் (மென்பொருளைத் தனித்து இயக்கும் சூழலில்) தானாக நிறுவ நான் எழுதிய ஆன்சிபிள் பிளேபுக் (சர்வர் அமைப்பைத் தானாகச் செய்யும் கட்டளைக் கோப்பு), சோதனை சர்வரில் பிழையின்றி ஓடியது. இரண்டாவது சர்வரிலோ நிறுவல் முடிந்தும் ஒரு டொமைன்கூடத் திரையில் வரவில்லை. அட்மின் பவர்டிஎன்எஸ்ஸுடன் பேசப் பயன்படும் ஏபிஐ சாவியை இருமுறை மாற்றியதும் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்ததும் வீண். சர்வரிலிருந்து கர்ல் கட்டளை மூலம் பவர்டிஎன்எஸ் ஏபிஐயின் 8081 போர்ட்டை அழைத்தால் பதில் ஒழுங்காக வந்ததே என்னை மூன்று நாள் திசைதிருப்பியது.

கன்டெய்னருக்குள் சென்று அதே கட்டளையை இட்டபோது, சாவி தவறென்றால் வரவேண்டிய 401 பிழை எண்கூட இல்லாமல் இணைப்பு அறுந்தது. எந்த முகவரிகளுக்குப் பதில் தரலாம் என்று பவர்டிஎன்எஸ்ஸுக்குச் சொல்லும் வெப்சர்வர்-அலவ்-ஃப்ரம் வரியில், சர்வரின் சொந்த முகவரியைத் தவிர நான் அனுமதித்திருந்தது 172.18.0.0/16 என்ற முகவரி வரிசை, இங்கே அந்த வரிசையை வேறொரு புராஜெக்ட் முன்பே பிடித்திருந்ததால், டாக்கர் என் கன்டெய்னருக்கு 172.19-ஐக் கொடுத்திருந்தது. டாக்கர் அமைப்புகளைச் சொல்லும் கம்போஸ் கோப்பில் சப்நெட்டை (அந்த முகவரி வரிசையை) நிலையாகக் குறித்து, அந்தக் கோப்பும் பவர்டிஎன்எஸ் அமைப்புக் கோப்பும் ஒரே ஆன்சிபிள் மாறியிலிருந்து அதை எடுக்கும்படி மாற்றி, பவர்டிஎன்எஸ்ஸை மறுதொடக்கம் செய்ததும் டொமைன்கள் வரிசையாக வந்தன.