போர்ட் கேம் கணக்கு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போர்ட் கேம் ஆடியதை எழுதி வைக்க ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் எழுதுவார்கள். யாருக்கு எந்த நிறக் காய், யார் முதலில் ஆடினார், எத்தனை நிமிடம், இடையில் என்ன பலகாரம் என்று ஒன்றும் விட மாட்டார்கள். இரண்டாவது மாதம் நோட்டுப் புத்தகம் டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும்.

2000இல் தொடங்கிய போர்ட் கேம் கீக் தளத்தில் ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்யப் போனால் நாள், இடம், நேரம், புள்ளி, நிறம், உட்கார்ந்த வரிசை என்று நிறைய கட்டங்கள் வரும். கட்டம் இருக்கிறதே என்று நிரப்பத் தேவையில்லை. நாள், ஆட்டம், ஆடியவர்கள், புள்ளி ஆகிய நான்கும் போதும். அதற்கு மேல் எதை எழுதுவது என்று யோசித்தால், பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காததை மட்டும் எழுதுங்கள். வெற்றி விழுக்காட்டை ஆட்டங்களைப் பதியும் செயலியே போட்டுக் கொடுக்கும். அன்றைக்கு ஒருவருக்கு அது வாழ்க்கையிலேயே முதல் ஆட்டமா என்பதை நீங்கள் சொல்லாமல் அதனால் கண்டுபிடிக்க முடியாது.

‘விங்ஸ்பேன். நான்தான் வின். செம கேம்.’ பறவைகளைச் சேர்த்து முட்டையிட வைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி இப்படி எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. இதைப் பாருங்கள்:

‘தீபாவளிக்கு மறுநாள், செந்தூல் சித்தி வீடு. விங்ஸ்பேன், வேறு இணைப்பு இல்லை, 4 பேர். அண்ணி 81, நான் 74, தம்பி 70, சித்தி 52, அவருக்கு முதல் தடவை. கடைசிச் சுற்றில் அண்ணி முட்டையாக இட்டுத் தள்ளினார். பாதியில் கரண்ட் போய், டார்ச் வெளிச்சத்தில் எண்ணினோம்.’

எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? ஆனால் அந்த ராத்திரி அப்படியே இருக்கிறது. கூடவே புள்ளித் தாளை ஒரு படம் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. விங்ஸ்பேனில் பறவைக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகத்தான் கூட்டுகிறோம். மொத்தத்தை மட்டும் எழுதினால் அண்ணி எப்படி ஜெயித்தார் என்பது போய்விடும்.

‘வேறு இணைப்பு இல்லை’ என்ற சொல்லைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு என்றால் மூல ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டி. கத்தான் ஆட்டத்தில் சாதாரணமாக 10 புள்ளி எடுத்தால் வெற்றி. ‘சிட்டீஸ் அண்ட் நைட்ஸ்’ இணைப்பைச் சேர்த்தால் 13 வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், 11 எடுத்தவர் எப்படித் தோற்றார் என்று பின்னாளில் மண்டை காயும். ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடும் அப்படித்தான். ஐரோப்பா வரைபடத்தில் பயன்படுத்தாத ஒவ்வொரு நிலையத்துக்கும் 4 புள்ளி உண்டு, அமெரிக்க வரைபடத்தில் நிலையமே கிடையாது. எந்த வரைபடம் என்று தெரியாமல் ‘என் அதிகபட்சப் புள்ளி’ என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பெயர்க் குழப்பம் நம் கூட்டத்தில் கொஞ்சம் அதிகம். ஒரே ஆளை ஒரு நாள் தம்பி என்றும், இன்னொரு நாள் முழுப் பெயரிலும், மூன்றாவது நாள் பட்டப்பெயரிலும் எழுதினால் செயலி மூன்று பேர் என்றுதான் நினைக்கும். ஒருவருக்கு ஒரே பெயர் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பொதுவில் தெரியும் பதிவாக இருந்தால் முதலெழுத்து போதும், குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம்.

அப்புறம் இந்த வெற்றி விழுக்காடு. இருவர் ஆடினால் சராசரி ஆட்டக்காரருக்கு 50 விழுக்காடு, நால்வர் ஆடினால் 25. எனவே நால்வர் மேசையில் 35 விழுக்காடு ஜெயிப்பவர், இருவர் ஆட்டத்தில் 50 எடுப்பவரைவிடக் கெட்டிக்காரர். பலர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கி ஒரே எண்ணாக்கி, அதை வைத்து மாமாக் உணவுக்கடையில் சண்டை போடுகிறார்கள்! பேண்டமிக் போல எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும், சேர்ந்து தோற்கும் ஆட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதில் நோயைப் பரப்பி ஆட்டத்தைக் கடினமாக்கும் எபிடெமிக் அட்டை எத்தனை வைத்து ஆடினீர்கள் என்பதுதான் முக்கியம். 4 அட்டையில் ஜெயிப்பதும் 6 அட்டையில் ஜெயிப்பதும் ஒன்றல்ல.

விதி தவறி ஆடிய ஆட்டத்தை அழித்துவிட வேண்டாம். கத்தானில் பகடையில் 7 விழுந்தால், 7 அட்டைக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் கூடும் மேசையில் இது மறந்துபோவது சகஜம். ‘7 விதி இல்லாமல் ஆடினோம்’ என்று ஒரு வரி எழுதினால் சரி. போர்ட் கேம் கீக்கில் வெற்றிக் கணக்கில் சேர்க்காமல் விடவும், முடியாத ஆட்டம் என்று குறிக்கவும் தனிக் கட்டங்களே உண்டு.

எச்-இண்டெக்ஸ் மோகம் இன்னொன்று. ஆய்வாளர்களின் கட்டுரைகளை அளக்க ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன கணக்கு அது. அதையே போர்ட் கேமுக்குப் போட்டால், 10 ஆட்டங்களை ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை ஆடியிருந்தால் உங்கள் எண் 10. வேடிக்கைக்குப் பார்க்கலாம். ஆனால் அதை ஏற்றுவதற்காக லவ் லெட்டர் என்ற சின்னச் சீட்டு ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றையும் ஓர் ஆட்டமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடச் சுற்று அது! யாராவது வெற்றிக்குரிய வில்லைகளை முழுதாகச் சேர்த்த பிறகுதான் ஓர் ஆட்டம்.

எழுதும் நேரம்: பெட்டியை மூடுவதற்கு முன். ராத்திரி ஒரு மணிக்குத் தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினால் புள்ளியும் தப்பு, தேதியும் தப்பு. அதற்காக மற்றவர்கள் காய்களைப் பொறுக்கும்போது நீங்கள் மட்டும் கைப்பேசியோடு உட்காராதீர்கள். படம் எடுத்துக்கொண்டு நீங்களும் பொறுக்குங்கள்.

சின்ன வயதில் ஆடிய, மோனோபோலி மாதிரியான சைடினாவையெல்லாம் குத்துமதிப்பாகத் தேதி போட்டுச் சேர்க்கவும் வேண்டாம். தனியாக ஒரு குறிப்பு எழுதினால் போதும். கைப்பேசி மாற்றும் நாளில் எல்லாம் போகாமல் இருக்க, மாதம் ஒரு முறை பதிவை ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் வையுங்கள். பிஜி ஸ்டாட்ஸ் செயலியைப் பயன்படுத்துபவர்கள் அதிலிருந்தே போர்ட் கேம் கீக்கிற்கு ஆட்டங்களை அனுப்பிவிடலாம்.