விரிவுரையாளர் வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் நான் தேநீர் குடிக்கும் கடைக்கு ஃபைலோடு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பா பால்மரம் சீவியவர், அம்மா செம்பனைக்கு உரம் போட்டவர், பிள்ளை கையில் முனைவர் பட்டம். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "ஏன் ஐயா நம்மளை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடறதில்ல?"

எழுத்துப்பிழை, மங்கலான படம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது அவர்களுக்கே தெரியும்.

கேபிள் இல்லை என்று ஒதுங்கிவிடுவது

கேபிள் என்று நாம் சொல்லும் சிபாரிசே கிடையாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத் துறையில் நான் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்த காலத்தில், பெரும்பாலானவை கேபிளுக்கு வேலையே வைக்காமல் விழுந்தன. விளம்பரத்தில் கேட்ட பிரிவு ஒன்று, இவர் படித்தது வேறு. வெளிநாட்டுப் பட்டம் இருக்கும், அங்கீகாரத்துக்கான ஆதாரம் இருக்காது.

"எதையும் நடத்துவேன்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ரப்பர் ஆலைக் கழிவுநீரில் வாழும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கிய ஒரு தங்கச்சி, ஒத்திகை பார்க்க வந்தாள். "அடுத்த செமஸ்டர்ல என்னம்மா பாடம் எடுப்பே?" என்றேன். "எது கொடுத்தாலும் நடத்துவேன் ஐயா." பணிவாகத்தான் சொன்னாள். தோட்டத்து ஆபீசில் கங்காணியிடம் அப்படிச் சொன்னவருக்கு வேலை கிடைத்தது. அதைத்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேர்முகக் குழுவின் காதிலோ அது, "உங்கள் துறையில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை" என்றுதான் விழும்.

இடம் எப்படிக் காலியாகிறது? ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவர் நடத்திய பாடங்கள் ஆளில்லாமல் நிற்கின்றன. மலேசியத் தகுதி முகமையின் அங்கீகார ஆய்வு வந்தால், எந்தப் பாடத்தை என்ன தகுதியுள்ளவர் நடத்துகிறார் என்று காட்டியாக வேண்டும். துறைத் தலைவரின் தலைவலி அந்தப் பட்டியலில் இருக்கும் காலிக் கட்டம். உங்கள் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால், சொல்கிறவரை எடுத்துக்கொள்வார்.

பாடப் பட்டியல் பெரும்பாலும் இணையதளத்திலேயே கிடைக்கும். மூன்று பாடங்களைப் பொறுக்குங்கள்: முதலாண்டு அடிப்படைப் பாடம் ஒன்று (புதிதாக வருகிறவர் தலையில் அதைத்தான் கட்டுவார்கள்), ஆய்வக வேலை உள்ளது ஒன்று, உங்கள் ஆய்வுக்கு நெருக்கமானது ஒன்று. ஒவ்வொன்றிலும் முதல் சில வாரங்களுக்கு என்ன நடத்துவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

இடத்தையும் பாருங்கள். தஞ்சோங் மாலிமில் இருக்கும் உப்சி (சுல்தான் இத்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமானது. ஆசிரியர் கல்விதான் இன்றும் அங்கே முதன்மை. அங்கே போகும் கடிதமும் கம்பாரில் இருக்கும் உத்தார் என்ற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதமும் எப்படி ஒன்றாக இருக்கும்? பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சில சமயம் அதையும் மாற்றுவதில்லை!

அந்தத் தங்கச்சி மறுபடி வந்தபோது, "பொது நுண்ணுயிரியல் எடுப்பேன். ஆய்வகத்துக்கு ஆலைக் குளத்துத் தண்ணியையே மாதிரியா எடுத்துக்கிட்டு வருவேன்" என்றாள். சரி, இது பதில்.

எஸ்.பி.எம். மலாய்

அரசாங்கப் பல்கலைக்கழக வேலைக்கு, ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் மலாய்ப் பாடத்தில் கிரெடிட் என்னும் நல்ல தேர்ச்சி வேண்டும். முனைவர் பட்டம் அதை ஈடுகட்டாது. மறுதேர்வு எழுதலாம்.

காசு கட்டினால் ஒரே வாரத்தில் வரும் கட்டுரை

ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருந்த இதழ் பாதியில் நீக்கப்படுவதுண்டு. நீக்கிய இதழ்களின் பட்டியலை ஸ்கோபஸே வெளியிடுகிறது. குழுவில் ஒருவராவது அதைத் திறந்து பார்ப்பார்.

கேட்காமல் பேராசிரியர் பெயரைப் பரிந்துரையாளராகப் போடுவது

போடாதீர்கள்.

ஒரே விண்ணப்பத்தை நம்பிக் காத்திருப்பது

இத்தனை மாதத்துக்குள் அழைப்பு வராவிட்டால் தேர்வாகவில்லை என்று பல விளம்பரங்களின் அடியிலேயே எழுதியிருக்கும். யாரும் தனியாக எழுதிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கெடு முடிந்ததும், அதே துறையில் அடுத்த இடம் வந்தால் மறுபடியும் போடுங்கள். போன முறை விழுந்தவர் என்பதற்காக யாரையும் தள்ளிவைத்து நான் பார்த்ததில்லை.