சாரலில் எழும்பிய கம்பிகள்

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிடும். துவைத்த வேட்டி காயாது. கிட்டார் மட்டும் சும்மா இருக்குமா? கம்பி மேலே எழும்பி, எஃப் கார்டு பிடித்தால் விரல் வலித்தது. அதை மூலையில் சாத்திவிட்டு ஒரு பிளைவுட் கிட்டாரில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கோளாறு கழுத்தில் இல்லை, மேல்பலகையில். ஒட்டுப்பலகை இல்லாத அசல் ஸ்ப்ரூஸ் மரம் ஈரம் குடித்து, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பியிருந்தது. குறுக்கே ஸ்கேலை வைத்தால் இரு ஓரமும் இடைவெளி. பிளைவுட் இவ்வளவு உப்பாது. இவ்வளவு பாடவும் பாடாது.

“சேடிலைத் தேய்ச்சிரலாம்ணே” என்றார் கடைத்தம்பி. பிரிட்ஜில் கம்பி உட்காரும் எலும்புத் துண்டுதான் சேடில்; தேய்த்தால் கம்பி இறங்கும். நான் ஒப்பவில்லை. வறண்ட மாசத்தில் பலகை இறங்கினால் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். தேய்த்த எலும்பு திரும்ப வளருமா?

கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பைகளும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு மூடினேன். 80 சதவீதத்தில் நின்றது மெல்ல 50-க்கு வந்தது. அவசரப்பட்டு அடுப்படியிலோ வெயிலிலோ வைத்தால் பசை விட்டுவிடும். பலகை படிந்த பிறகுதான் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்தண்டான ட்ரஸ் ராடைத் தொட்டேன்: முதல் ஃப்ரெட்டையும் 14-ஆம் ஃப்ரெட்டையும் அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி பார்த்து, ஆலன் கீயால் கால் சுற்றுக்கும் குறைவாக வலப்பக்கம். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.5 மி.மீ. உயரத்துக்கு இறங்கியது.

புது பாஸ்பர் பிரான்ஸ் கம்பி மாட்டி ஜி கார்டை ஒரு இழுப்பு. அடிவயிறு வரை அதிர்ந்தது. இதையா இத்தனை நாள் சாத்தி வைத்திருந்தேன்!

பிளைவுட் கிட்டாரைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தாச்சு. கேஸையும் சேர்த்துக் கேட்டான். அது மட்டும் கிடையாது மாப்பிள்ளே.